கஷ்ட காலத்தில் சந்தோஷம்

பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்திலிருந்து நம் குடும்பங்களுக்கு ஒரு பாடம்



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையில், கிறீஸ்தவன் எந்தக் காலத்திலும் சந்தோஷமாய் இருக்கக் கடமைப்பட்டவன் என்று பிரசங்கம் வைத்தேன். பிரசங்கம் நன்றாயிருந்தது என்று இரண்டொருவர் சொன்னார்கள். எனக்கும் உள்ளூரத் திருப்திதான். அன்று மாலை ஒரு தாய் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். அவர் பேசியது பாவசங்கீர்த்தனத்தில் அல்ல; இதை எழுத அவருடைய உத்தரவும் பெற்றிருக்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

"சாமி, உங்கள் பிரசங்கம் ஒலிபெருக்கியில் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. வீட்டுக்காரருக்கு வேலை போய் ஐந்து மாதம் ஆகிறது. குழுக்கடன் வசூலிக்கிறவர் வாரம் தவறாமல் வாசலில் வந்து நிற்கிறார். அரிசிப் பானையில் கைவிட்டால் அடிதான் தட்டுப்படுகிறது. நான் எதை வைத்துச் சந்தோஷப்படுவது?"

சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஒலிபெருக்கியிலா கேட்டீர்கள்? பூசைக்கு வரவில்லையா அம்மா?" என்று மட்டும் கேட்டேன். மூன்று மாதமாகக் குடும்பத்தில் ஒருவரும் கோயிலுக்கு வரவில்லை என்றார். காரணம் கேட்டேன். வெகுநேரம் தயங்கிப் பிறகு சொன்னார். "திருவிழா வரி கட்டாதவர்கள் பெயரைப் பூசை முடிவில் வாசித்தீர்களே சாமி. இரண்டு வாரம் அவர் பெயரும் அதில் இருந்தது. பசியைப் பொறுத்துக்கொண்டோம். அதைப் பொறுக்க முடியவில்லை."

அந்தப் பட்டியலை வாசித்தவன் நான்தான். வருஷா வருஷம் வாசிக்கிற பட்டியல். யார் மனம் எப்படி நோகும் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. அந்த அம்மாள் போனபின் வேதாகமத்தைத் திறந்து, அர்ச். சின்னப்பர் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். நாலே அதிகாரம், அரைமணி நேரம் போதும். குருமடத்தில் அதைப் பரீட்சைக்காகப் படித்திருக்கிறேன். அன்றிரவு எனக்காகப் படித்தேன். அதில் கற்றதை உங்களோடு பங்கிட்டுக்கொள்ளவே இந்தப் பாடம்.

1. துக்கப்படுவது பாவமா?

முதலில் ஒரு தப்பெண்ணத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். சந்தோஷம் என்றால் எந்நேரமும் சிரித்த முகம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியானால் நம் ஆண்டவரே அதில் தவறிப்போனவர் ஆவார். லாசருடைய கல்லறையண்டையில் அவர் கண்ணீர் விட்டார். ஜெத்சமெனித் தோட்டத்தில் அவருடைய ஆத்துமம் மரணமட்டும் கலங்கிற்று. ஆகையால் அழுகிறவர்களைப் பார்த்து, "உனக்கு விசுவாசம் இல்லையா?" என்று கடிந்துகொள்ள ஒருவருக்கும் உரிமையில்லை. துக்க வீட்டில் போய்ப் பிரசங்கம் பண்ணுவதைவிட, பாயில் உட்கார்ந்து கூட அழுவது பெரிய புண்ணியம்.

இஸ்பிரீத்துசாந்துவின் கனிகள் பன்னிரண்டு என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். அவற்றுள் முதலாவது தேவசிநேகம்; இரண்டாவது சந்தோஷம். கனி என்று திருச்சபை சொல்லுவதைக் கவனியுங்கள். மாங்கனியை எந்தக் கொல்லனும் தச்சனும் செய்து தர முடியாது. மரத்துக்குத் தண்ணீர் விடலாம், வேரைக் காக்கலாம்; கனி தன் காலத்தில் தானே வரும். அர்ச். தோமாஸ் அக்குவீனாசும் இதையே போதிக்கிறார். சந்தோஷம் தனியான ஒரு புண்ணியம் அல்லவென்றும், தேவசிநேகத்திலிருந்து பிறக்கும் விளைவு என்றும் அவர் எழுதியிருக்கிறார். நான் நேசிக்கிற ஆண்டவர் என்னை விட்டுப் போகவில்லை என்று உள்ளம் அறிந்து இளைப்பாறுவதே ஞான சந்தோஷம்.

ஆகையால் கண்ணில் நீரும் உள்ளத்தில் சந்தோஷமும் ஒரே வேளையில் இருக்கக்கூடும். மரண வீட்டில் இரவு முழுதும் செபமாலை சொல்லி உட்கார்ந்திருந்தவர்கள் இதை அறிவார்கள். அழுகை நிற்கவில்லை, ஆனாலும் விடியும்போது உள்ளத்தில் ஒரு அமைதி வந்து குடியேறியிருக்கும்.

2. பிலிப்பி நகரத்துச் சிறை

பிலிப்பி என்பது மக்கெதோனியா நாட்டில் இருந்த ஒரு பட்டணம், உரோமையரின் குடியேற்றம். அங்குள்ளவர்கள் தங்கள் உரோமைக் குடியுரிமையைப் பற்றி மிகவும் பெருமை பாராட்டினவர்கள். அர்ச். சின்னப்பர் அந்தப் பட்டணத்தில் காலெடுத்து வைத்த விபரம் அப்போஸ்தலர் நடபடி ஆகமம் 16-ம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே முதலில் ஞானஸ்நானம் பெற்றவள் லீதியாள் என்னும் ஸ்திரீ. இரத்தாம்பரச் சாயத்துணி வியாபாரம் செய்தவள். அவள் தன் வீட்டைத் திறந்து அப்போஸ்தலரை வற்புறுத்தித் தங்கவைத்தாள்.

பிறகு நடந்தது என்ன? குறி சொல்லி எஜமானர்களுக்குப் பணம் சம்பாதித்துக் கொடுத்த ஒரு அடிமைப் பெண்ணிடமிருந்து சின்னப்பர் பேயை ஓட்டினார். பெண் விடுதலையானாள்; எஜமானர்களுக்கு வருமானம் போயிற்று. அவர்கள் கூச்சலிட்டார்கள். விசாரணை இல்லாமலே சின்னப்பரையும் சீலாவையும் கோலால் அடித்து, உட்சிறையில் தள்ளி, கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். நடுச்சாமத்தில் அந்த இருவரும் செபித்துச் சர்வேசுரனைத் துதித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது பூமி அதிர்ந்து கதவுகள் திறந்தன. கைதிகள் ஓடிப்போனார்கள் என்று எண்ணிச் சிறைக்காவலன் தற்கொலை செய்யப் போனபோது, சின்னப்பர் கூப்பிட்டுத் தடுத்தார்.

இங்கே இரண்டு காரியங்களை நன்றாய்க் கவனிப்போமாக. முதலாவது, அந்தக் காவலன் அவர்களைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயங்களைக் கழுவினான், குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றான், பந்தி விரித்தான். அப்போஸ்தலர் தம் முதுகை ஒரு காவலன் கழுவுவதற்கு விட்டுக்கொடுத்தார். இரண்டாவது, மறுநாள் அதிகாரிகள் அவர்களை இரகசியமாய் அனுப்பிவிடப் பார்த்தபோது சின்னப்பர் சம்மதிக்கவில்லை. உரோமைப் பிரஜைகளை விசாரியாமல் பகிரங்கமாய் அடித்தவர்கள் தாங்களே வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்றார். அவர்கள் வந்து மன்றாடினார்கள். ஆகையால் தாழ்ச்சி என்பது அநீதிக்கு வாய்மூடி இருப்பது என்று யாரும் நினைக்க வேண்டாம். கூலி மறுக்கப்பட்டவன் கூலியைக் கேட்கலாம், கேட்க வேண்டும். கேட்கும்போதும் உள்ளத்தில் பகை இல்லாமல் கேட்பதே தாழ்ச்சியுள்ளவன் வழி.

3. விலங்கிலிருந்து வந்த நிருபம்

வருஷங்கள் கழிந்தன. சின்னப்பர் மறுபடியும் சிறையில் இருக்கிறார். உயிர் பிழைப்பாரோ, தலை போகுமோ என்று அவருக்கே தெரியாது. அந்த நிலைமையில் பிலிப்பி சபைக்கு எழுதுகிறார். சந்தோஷம் என்ற பேச்சு அந்தச் சிறிய நிருபத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. தாம் சந்தோஷப்படுவதாகச் சொல்லுகிறார். அவர்களையும் சந்தோஷப்படச் சொல்லுகிறார். ஒரு தடவை சொன்னது போதாதென்று மறுபடியும் சொல்லுகிறார்.

இவ்வளவு சந்தோஷத்துக்கு ஆதாரம் எது? முதல் அதிகாரத்தில் ஒரு விசேஷம் உண்டு. சின்னப்பர் சிறைப்பட்டிருக்கும் சமயம் பார்த்துச் சிலர் காய்மகாரத்தினால், அவருக்கு மனநோவு உண்டாகவென்றே போட்டிபோட்டுப் பிரசங்கித்தார்களாம். நம்மில் ஒருவருக்கு அப்படி நடந்தால் ஊரெல்லாம் சொல்லி அங்கலாய்ப்போம். சின்னப்பரோ, எந்த எண்ணத்தோடு ஆனாலும் கிறீஸ்துநாதர் பிரசங்கிக்கப்படுகிறார் அல்லவா, அதில் எனக்குச் சந்தோஷமே என்கிறார். தம் பெயர் விளங்குகிறதா, மங்குகிறதா என்ற கணக்கை அவர் எப்போதோ மூடிவிட்டார். மூன்றாம் அதிகாரத்தில் தம் குலப்பெருமை, பெஞ்சமீன் கோத்திரம், பரிசேயக் கல்வி எல்லாவற்றையும் அடுக்கிச் சொல்லி, கிறீஸ்துநாதருக்காக அவற்றைக் குப்பையாக எண்ணினதாக எழுதுகிறார்.

இரகசியம் இங்கேதான் இருக்கிறது. கஷ்டம் வந்து நம்மிடமிருந்து பணத்தை எடுக்கிறது, சுகத்தை எடுக்கிறது. சந்தோஷத்தை எடுப்பதோ பெரும்பாலும் கஷ்டமல்ல. அதன் பின்னாலே நுழைகிற ஆங்காரம். "எனக்கு இப்படி நடக்கலாமா?" "நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" "நேற்று வரை எனக்கு வணக்கம் சொன்னவன் இன்று பார்க்காமல் போகிறானே!" பசி வயிற்றோடு நிற்கும், இந்தக் கேள்விகள் இரவு முழுதும் தூங்கவிடாது. தலையான பாவங்கள் ஏழினுள் ஆங்காரத்தை முதலில் வைத்து, அதற்கு மருந்தாகத் தாழ்ச்சியைத் திருச்சபை கொடுத்திருப்பது காரணமில்லாமல் அல்ல.

4. ஆண்டவர் இறங்கின படி

இரண்டாம் அதிகாரத்தில் அப்போஸ்தலர் இந்த மருந்தைக் காட்டுகிறார். சபையில் போட்டியும் வீண்பெருமையும் வேண்டாம், ஒருவரையொருவர் தம்மிலும் மேலாக எண்ணுங்கள் என்று புத்தி சொல்லிவிட்டு, அதற்கு மாதிரியாக நம் ஆண்டவரையே முன்வைக்கிறார். தேவனாய் இருந்தவர் தம்மை வெறுமையாக்கி அடிமையின் நிலைக்கு இறங்கினார். மனிதனாகி, கீழ்ப்படிந்து, சிலுவை மரணம் வரைக்கும் தாழ்ந்தார். ஆகையால் பிதா அவரை எல்லாவற்றுக்கும் மேலாக உயர்த்தினார். இதுவே அந்தப் பகுதியின் கருத்து. சிலுவை என்பது உரோமையர் அடிமைகளுக்கு வைத்திருந்த தண்டனை. குடியுரிமைப் பெருமையில் ஊறிய பிலிப்பியருக்கு இதைக் கேட்க எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இலத்தீன் பாஷையில் தாழ்ச்சிக்குள்ள சொல், "ஹூமுஸ்" என்னும் சொல்லோடு உறவுள்ளது. ஹூமுஸ் என்றால் மண். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் இடும்போது, மனிதன் மண் என்று திருச்சபை நினைப்பூட்டுகிறதே, அதுதான். இதில் அவமானம் ஏதும் இல்லை. மண்ணில் நிற்கிறவன் கீழே விழ இடமில்லை. விதை முளைப்பதும் மண்ணில்தான்.

தாழ்ச்சி என்றால் தன்னைத்தானே இழிவாய்ப் பேசுவது என்று நினைப்பவர்கள் உண்டு. "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று வாயால் சொல்லி, யாராவது மறுத்துப் பேசமாட்டார்களா என்று காத்திருப்பது ஆங்காரத்தின் வேறொரு வேஷம். உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொள்வதே தாழ்ச்சி. இருக்கும்போது, இது சர்வேசுரன் தந்தது என்று சொல்வது. இல்லாதபோது, எனக்கு இல்லை என்று கூசாமல் சொல்வது.

5. வாங்கத் தெரிந்த கைகள்

இனி நாலாம் அதிகாரம். இந்த நிருபம் எழுதப்பட்டதற்கு ஒரு காரணம் என்ன தெரியுமா? நன்றி சொல்வது. சின்னப்பர் சிறையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்ட பிலிப்பியர், எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் உதவி அனுப்பினார்கள். அவர் வந்த இடத்தில் சாகக் கிடந்து பிழைத்தார். சின்னப்பரோ கூடாரம் செய்யும் தொழில் தெரிந்தவர். தம் கையால் உழைத்துச் சாப்பிட்டவர். கொரிந்தியரிடம் ஒன்றும் வாங்க மாட்டேன் என்று பிடிவாதமாய் இருந்தவர். அப்படிப்பட்டவர் பிலிப்பியர் அனுப்பினதை வாங்கிக்கொண்டு, வாங்கினேன், நிறைவாய் இருக்கிறேன் என்று எழுதுகிறார். நிறைவிலும் குறைவிலும், உண்டும் பட்டினியாயும் இருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகவும் சொல்லுகிறார். கற்றுக்கொண்டேன் என்ற சொல்லைக் கவனியுங்கள். அப்போஸ்தலருக்கும் அது பிறவியில் வரவில்லை, படிப்படியாய்க் கற்கவேண்டியிருந்தது.

கொடுப்பது புண்ணியம் என்று நாமெல்லாரும் அறிவோம். தாழ்ச்சியோடு வாங்குவதும் புண்ணியம் என்று அறிந்தவர்கள் கொஞ்சப் பேர். இதைச் சொல்லும்போது அந்தத் தாயின் கணவர் நினைவுக்கு வருகிறார். திண்ணையில் பேசிய மறுநாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பட்டியலை இனி வாசிப்பதில்லை என்று சொன்னேன். பிறகு அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையார் மாதம் ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து வைப்பார்கள், வேலை கிடைக்கும் வரை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தலை குனிந்தபடி, "நாங்கள் கொடுத்துப் பழகினவர்கள் சாமி" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. பிலிப்பியர் நிருபத்தின் நாலாம் அதிகாரத்தை மட்டும் மெதுவாய் வாசித்துக் காட்டிவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் சம்மதித்ததாகச் சபையார் வந்து சொன்னார்கள்.

6. நம் காலத்துச் சாட்சி ஒருவர்

"அப்போஸ்தலர் காலத்தில் அப்படி, இந்தக் காலத்தில் யாரால் முடியும்?" என்று கேட்பீர்கள். நம்மில் பலர் பிறந்தபின் நடந்த ஒரு சரித்திரத்தைச் சொல்லுகிறேன்.

வியட்நாம் தேசத்தில் பிரான்சிஸ் சவேரியார் நுயென் வான் துவான் என்று ஒரு மேற்றிராணியார் இருந்தார். 1928-ல் பிறந்தவர். 1975 ஏப்ரல் மாதம் பரிசுத்த பாப்பரசர் 6-ம் சின்னப்பர் அவரைச் சைகோன் நகரத்துக்கு இணை அதிமேற்றிராணியாராக நியமித்தார். சில நாட்களுக்குள் அந்த நகரம் கம்யூனிஸ்ட் படைகள் வசமாயிற்று. அதே வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி, தேவமாதாவின் ஆரோபணத் திருநாளன்று, அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 13 வருஷம் காவலில் இருந்தார். அதில் 9 வருஷம் தனிச் சிறை. எந்த நீதிமன்றமும் அவரை விசாரிக்கவில்லை.

பிடிபட்டபோது அவருக்கு வயது 47. ஏறக்குறைய எனக்கும் அந்த வயதுதான். ஆகையால் அவர் பட்ட வேதனையில் ஒன்று எனக்கு நன்றாய் விளங்குகிறது. நல்ல பலமுள்ள வயதில், செய்யவேண்டிய வேலைகள் மலைபோல் கிடக்க, தன் மந்தையை விட்டுப் பிரிந்து சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்றே என்று அவர் இரவும் பகலும் துடித்தார். ஓரிரவில் அவருக்கு ஒரு வெளிச்சம் கிடைத்தது. நீ செய்துவந்தவை எல்லாம் சர்வேசுரனுடைய வேலைகள். அவை சர்வேசுரன் அல்ல. அந்த வேலைகளை எடுத்து வேறொருவர் கையில் கொடுக்க அவருக்குச் சித்தமானால் கொடுக்கட்டும். நீ அவரையே தெரிந்துகொள். இந்த எண்ணம் வந்ததிலிருந்து அவருக்குச் சமாதானம் உண்டாயிற்று. பாவத்தை விடுவது ஒரு தாழ்ச்சி. தான் செய்துவந்த நல்ல வேலையையும் சர்வேசுரன் கையில் விட்டுவிடுவது அதிலும் பெரிய தாழ்ச்சி அல்லவா?

சிறையில் பூசை வைக்க அவருக்கு உத்தரவில்லை. வயிற்று நோவுக்கு மருந்து வேண்டும் என்று வெளியிலுள்ள விசுவாசிகளுக்கு எழுதினார். அவர்கள் குறிப்பறிந்து, வயிற்று மருந்து என்று சீட்டு ஒட்டின ஒரு சிறு புட்டியில் திராட்சரசம் அனுப்பினார்கள். உள்ளங்கையில் மூன்று துளி இரசம், ஒரு துளி தண்ணீர். அந்த உள்ளங்கையே பாத்திரம், அதுவே பீடம். அப்படித் தினந்தோறும் பூசை வைத்தார். நமக்கோ பீடமும் விளக்கும் மணியும் இருக்கின்றன. ஞாயிறு பூசைக்கு ஐந்து நிமிஷம் பிந்தி வருகிறோம்.

காவலர்கள் ஆரம்பத்தில் அவரோடு பேசவே மாட்டார்கள். அவர் சிரித்த முகத்தோடு அவர்களிடம் பேச்சுக் கொடுத்தார். தாம் கண்ட தேசங்களைப் பற்றிச் சொன்னார். பிரெஞ்சும் இங்கிலீஷும் கற்றுக்கொடுத்தார். அவரோடு பழகினால் கெட்டுப்போவார்கள் என்று மேலதிகாரிகள் முதலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காவலர்களை மாற்றினார்கள். பிறகு, மாற்றிக்கொண்டே போனால் எல்லாரையும் தம் பக்கம் இழுத்துவிடுவார் என்று பயந்து, மாற்றுவதையே நிறுத்தினார்கள்! மரம் வெட்டும் வேலையில் ஒரு துண்டு மரத்தை எடுத்துச் சிறு சிலுவை செய்ய ஒரு காவலர் இடம் கொடுத்தார். அதைச் சவுக்காரக் கட்டிக்குள் ஒளித்துவைத்தார். பின்னொரு காலம் வேறொரு காவலர் மின்கம்பியும் குறடும் கொடுத்துதவ, அச்சிலுவைக்குச் சங்கிலியும் செய்துகொண்டார். விடுதலையாகி மேற்றிராணியாராய் உலகத்தின் முன் நின்றபோதும் அந்தச் சிலுவையையே மார்பில் அணிந்தார். எதிரிகள் கையிலிருந்து உதவி வாங்கிச் செய்த சிலுவை அது.

அவர் எந்நேரமும் உற்சாகமாகவே இருந்தார் என்று எண்ண வேண்டாம். உடல் தளர்ந்து, செபம் சொல்லவும் முடியாத நாட்கள் இருந்தன என்று அவரே வெளிப்படையாய்ச் சொல்லியிருக்கிறார். 1988 நவம்பர் 21-ல் விடுதலையானார். 2000-ம் ஆண்டுத் தபசு காலத்தில் பாப்பரசர் 2-ம் அருளப்பர் சின்னப்பருக்கே ஞான ஒடுக்கப் பிரசங்கம் செய்தார். 2001-ல் கர்தினாலாக உயர்த்தப்பட்டு, 2002 செப்டம்பர் 16-ல் மரித்தார். 2017-ல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. தம்மை அடைத்தவர்களைப் பகைக்காமல் அவர் வெளியே வந்ததுதான் அவருடைய வெற்றி.

7. நம்முடைய பங்குக்கு என்ன?

இவ்வளவும் படித்துவிட்டு நாம் செய்யவேண்டியது என்ன? மூன்று காரியம் சொல்லுகிறேன்.

கஷ்டத்தில் இருக்கிற குடும்பத்தாருக்கு: உங்கள் கஷ்டத்தை ஒரு பேர்க்காவது சொல்லுங்கள். ஊருக்கெல்லாம் அல்ல; நம்பிக்கையுள்ள ஒருவருக்கு, உங்கள் அன்பியத்தாருக்கு, அல்லது எனக்கு. கௌரவத்துக்காக வட்டிக்கு மேல் வட்டி வாங்கி முதல்நன்மைப் புதுநன்மை விருந்து வைக்க வேண்டாம். பிள்ளைக்கு வேண்டியது ஆண்டவருடைய திருச்சரீரம். பந்தலும் பிரியாணியும் இல்லாமல் அது குறைந்துபோகாது. பூசைக்கு வருவதை மட்டும் எக்காரணத்தாலும் விடாதீர்கள். பழைய சேலையோடு வாருங்கள். வெறுங்கையோடு வாருங்கள். வெறுங்கையில்தான் அந்த மேற்றிராணியார் பூசை வைத்தார்.

வசதியாய் இருக்கிற குடும்பத்தாருக்கு: கொடுக்கும்போது கேட்காதபடி கொடுங்கள். பெற்றவன் உங்களைத் தெருவில் கண்டால் முகம் திருப்பிக்கொண்டு போகும்படி கொடுக்க வேண்டாம். முடிந்தால் அவனிடமிருந்தும் ஏதாவது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்; ஒரு யோசனை, ஒரு கைவேலை, ஒரு செபம். கொடுக்கிறவன், வாங்குகிறவன் என்று சபை இரண்டாய்ப் பிரிந்தால் அங்கே சந்தோஷம் தங்காது.

எனக்கு: வரிப்பட்டியல் இனி இந்தக் கோயிலில் வாசிக்கப்படாது. கணக்கு எழுதப்படும், கட்டக்கூடியவர்கள் கட்டுவார்கள், முடியாதவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பங்குப் பேரவையாரும் இதை ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பட்டியலால் மனம் நொந்த குடும்பங்கள் இன்னும் இருக்குமானால், இந்தப் பத்திரிகை மூலமாக அவர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். சென்ற மாதம் நான் காய்ச்சலாய்க் கிடந்தது உங்களுக்குத் தெரியும். இரண்டாம் நாள் காலையில் ஒரு சிறுபெண் தூக்குவாளியில் கஞ்சியும், மேலே ஒரு வாழையிலைத் துண்டில் துவையலும் கொண்டுவந்து வைத்தாள். யார் வீட்டிலிருந்து என்று கேட்டேன். அந்தத் தாயின் மகள். அவர்கள் வீட்டு அரிசி எங்கிருந்து வருகிறதென்று எனக்குத் தெரியும் அல்லவா? "வேண்டாம் அம்மா, நீங்களே சாப்பிடுங்கள்" என்று சொல்ல வாய் எடுத்தேன். அப்போதுதான் உள்ளே ஏதோ குத்திற்று. நான் கொடுக்கலாம், அவர்கள் கொடுக்கக்கூடாதோ? வாங்குவதில் தாழ்ச்சி வேண்டும் என்று அந்த வீட்டில் போய் வாசித்துக் காட்டினவன் நான்தானே! கஞ்சியை வாங்கிக் குடித்தேன். வாளியைக் கழுவிக் கொடுத்தபோது அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எந்தப் பிரசங்கத்திலும் சொல்லிவிட முடியாது.

அவள் தகப்பனாருக்கு இன்னும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. கடனும் தீரவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் நாலு பேரும் பூசைக்கு வருகிறார்கள்.

இந்த வாரம் குடும்ப செபத்தில் சிந்திக்க

1. நம்மிடமிருந்து சந்தோஷத்தை எடுத்துப்போட்டது எது? கஷ்டமா, பிறர் என்ன நினைப்பார்களோ என்ற எண்ணமா?

2. நமக்கு உதவி செய்தவர்களுக்கு நன்றி சொன்னோமா? உதவி வாங்கினதற்காக அவர்கள்பேரில் உள்ளூரக் கசப்பு வைத்திருக்கிறோமா?

3. நம் தெருவில் கோயிலுக்கு வருவதை நிறுத்தின குடும்பம் எது? ஏன் என்று அன்பாய் விசாரித்தோமா?

தீர்மானம்: பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் நாலு அதிகாரத்தையும், இரவுக்கு ஒன்றாக நாலு இரவில், செபமாலைக்குப் பின் வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பது.

செபம்: தாழ்ந்து வந்த சேசுவே, எங்களிடம் உள்ளதற்கு நன்றி சொல்லவும், இல்லாததை ஒப்புக்கொள்ளவும், கொடுப்பவர் கையில் உமது கையைக் கண்டு வாங்கவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். கஷ்டத்திலே நீர் எங்களோடு இருக்கிறீர் என்ற சந்தோஷத்தை எங்கள் வீடுகளில் நிலைக்கச் செய்யும். ஆமென்.

உங்கள் பங்குக் குரு